என்ஜின்காரர் வீட்டு வரலாறு: ஆயில் என்ஜின், ரைஸ்மில், டிராக்டர் தொழிலாளர் குடும்பங்களின் வேர் தேட முழுமையான வழிகாட்டி

அரசாங்கக் காகிதத்தில் அவர் பெயருக்கு நேரே "கூலி" என்றோ "விவசாயக் கூலி" என்றோதான் இருக்கும். ஊருக்குள் போய்க் கேட்டால், "என்ஜின்காரர் வீடா? அந்த வேப்பமரத்துக்கு அடுத்தது" என்று சின்னப் பிள்ளைகூட வழிகாட்டும். கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓட்டியவர், ரைஸ்மில் பாய்லருக்கு உமி தள்ளியவர், லேத் பட்டறையில் புஷ் கடைந்தவர், அறுவடைக்கு அறுவடை ஊர்விட்டு ஊர் டிராக்டர் கொண்டுபோனவர் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறை இந்தத் தொழிலில் வாழ்ந்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடையாது. நிலம் இல்லாதவருக்குப் பட்டா இல்லை, பத்திரமும் இல்லை. பேரப்பிள்ளைகள் தேடத் தொடங்கினால் ஒரு தலைமுறைக்கு மேல் நகர முடியாமல் போவது இதனால்தான்.

ஆனால் அந்த ஆளிடம் இருந்த இயந்திரத்துக்குக் காகிதம் உண்டு. அதைக் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். பாய்லர் என்றால் அரசிடம் பதிய வேண்டும், டிராக்டர் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும், மோட்டார் என்றால் மின்வாரியத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆகவே ஆளைத் தேடுவதற்கு முன் இயந்திரத்தைத் தேடுங்கள். அது எந்த ஊரில், எந்த வருடம், யாருக்குச் சொந்தமாக நின்றது என்று தெரிந்துவிட்டால், அந்த ஊர்ப் பள்ளிப் பதிவேட்டிலும் பத்திரத்தின் சாட்சிக் கையெழுத்திலும் உங்கள் ஆள் அகப்படுவார்.

ஒரு விஷயத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயர் இருக்குமே என்று பலர் அலைகிறார்கள். நம் நாட்டில் தனி நபர் விவரம் 1948-ம் ஆண்டுச் சட்டப்படி ரகசியம்; அது பொதுப் பார்வைக்கு வருவதில்லை. கிடைப்பது ஊர்வாரியான எண்ணிக்கை மட்டும்தான்.

முதல் படி: வீட்டில் கேட்பது

"தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால், "நல்ல மனுஷன், கஷ்டப்பட்டார்" என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். என்ஜினுக்குச் சக்கரம் ஒன்றா, இரண்டா? ஹேண்டில் போட்டுச் சுற்றுவாரா, சக்கரத்தையே பிடித்து இழுப்பாரா? தொடங்குவதற்கு முன் என்ஜினின் தலைப்பகுதியை ஊதுவிளக்கால் சூடு பண்ணினாரா? எந்த எண்ணெய் ஊற்றினார்: குரூடாயிலா, மண்ணெண்ணெயா, டீசலா? பெல்ட் தோலா, கேன்வாஸா? வீட்டுக்கு வரும்போது சட்டையில் எண்ணெய் வாடையா, உமித் தூசியா?

இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலே பாதி வரலாறு. ஊதுவிளக்கால் தலையைச் சூடாக்கித் தொடங்கியது என்றால் அது பழைய வகை எண்ணெய் என்ஜின். சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1900-களின் தொடக்கத்தில் இறைவைக்கு எண்ணெய் என்ஜினைச் சோதித்துக் காட்டிய காலத்துத் தலைமுறை என்ஜின்கள் அவ்வகை. இரண்டாம் உலகப்போர் காலத்திலும் சில ஓடிக்கொண்டிருந்தன. ஹேண்டில் போட்டு இரண்டு கனமான சக்கரத்தோடு மெதுவாக ஓடியது என்றால் லிஸ்டர் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வகையாக இருக்கலாம். உமித் தூசி என்றால் மில். அப்போது தேட வேண்டிய அலுவலகமே வேறு.

உறவுச் சொல்லை அப்படியே நம்பி மரம் வரையாதீர்கள். "அய்யா" என்பது ஒரு ஊரில் அப்பா, இன்னொரு ஊரில் அப்பாவின் அப்பா. கொங்குப் பக்கம் "அப்புச்சி" என்றால் அம்மாவைப் பெற்றவர், "அப்பாரு" என்றால் அப்பாவைப் பெற்றவர். "சித்தப்பா" என்பவர் அப்பாவின் உடன்பிறந்த தம்பியாகவும் இருக்கலாம், பங்காளி முறையில் தம்பியாகவும் இருக்கலாம். "மாமா" என்ற சொல் வந்தால் கட்டாயம் நிறுத்தி, "யாரோட கூடப் பிறந்தவர்?" என்று ஒரு கேள்வி போடுங்கள்.

அடுத்த குழி பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். முத்துச்சாமி மகன் ராமன், ராமன் மகன் முத்துச்சாமி, அவர் மகன் மறுபடி ராமன் என்று போய்க்கொண்டே இருக்கும். 1935-ல் ஒரு மில்லில் "ரா. முத்துச்சாமி" என்று கிடைத்தால் அது தாத்தாவா, தாத்தாவுக்குத் தாத்தாவா என்று வயதை வைத்துத்தான் பிரிக்க முடியும். பெயருடன் ஊர், வயது, மனைவி பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஆளை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வருடத்தைப் பிடிப்பது

பெரியவர்கள் இங்கிலீஷ் வருடம் சொல்லமாட்டார்கள். "பெரும்புயல் அடிச்ச வருஷம்" என்பார்கள். தஞ்சை, நாகைப் பக்கம் அது 1952 நவம்பர் புயலாக இருக்கலாம். ராமேசுவரம் பக்கம் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது. திருச்சியில் என்றால் 1977 நவம்பர் வெள்ளம். எந்த ஊரில் இருந்தபோது என்று கேட்காமல் புயலுக்கு வருடம் போடாதீர்கள்.

ஜாதக நோட்டு இருந்தால் அதுதான் தங்கம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1927-28, மறுபடி 1987-88. தாது வருஷம் என்றால் பஞ்ச நினைவில் 1876 என்று பலர் எழுதிவிடுகிறார்கள், 1936-37-ம் தாதுதான். பிறந்தவர் 1990-ல் உயிரோடு இருந்திருந்தால் எந்தத் தாது என்பதில் குழப்பம் இல்லை.

வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. பழைய பத்திரத்தில் தமிழ் எண்களும் வரும். ௧ என்பது 1, ௨ என்பது 2, ௬ என்பது 6, ௭ என்பது 7. ௭-ஐ எ என்ற எழுத்தாகவும், ௧-ஐ க என்றும் படித்துச் சர்வே எண்ணையே தவறவிடுகிறவர்கள் உண்டு.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி சேர்க்கும் நாளில் ஆசிரியர் போட்டதாக இருக்கலாம். தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுகாதைத் தொட்டால் வயது வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவிடுவார்கள். உதாரணமாக ஜாதகத்தில் சர்வதாரி வருஷம் ஆடி மாதம், அதாவது 1948 ஜூலை-ஆகஸ்ட். பள்ளியில் 1-6-1950 என்று இருக்கிறது. சேர்ந்தது 1955 ஜூன் என்றால், அன்றைக்குச் சரியாக ஐந்து வயது முடிகிற மாதிரி தேதி போடப்பட்டிருக்கிறது. இங்கே ஜாதகத்தை நம்புங்கள். பள்ளித் தேதியையும் அடிக்காமல் பக்கத்தில் எழுதி வையுங்கள், ஏனென்றால் பிற்கால அரசுக் காகிதம் எல்லாம் அந்தத் தேதியில்தான் ஓடும்.

என்ஜின் தகட்டைப் படிப்பது

பழைய ஷெட்டில், மில்லின் பின்கட்டில், சில நேரம் கிணற்றுக்குள்ளேயே என்ஜின் இன்னும் கிடக்கும். பம்பு தண்ணீரை மேலே உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. நடைமுறையில் இருபது, இருபத்தைந்து அடிக்கு மேல் ஏறாது. அதனால் ஆழக் கிணறுகளில் சுவரில் மேடை வெட்டிப் பம்பை, சில இடங்களில் என்ஜினையே, உள்ளே இறக்கி வைத்தார்கள். அந்தக் கிணற்றில் தனியாக இறங்காதீர்கள். மேலே நின்று தொலைப்பார்வைக் கேமராவில் படம் எடுத்தால் போதும்.

தகட்டைத் தேய்ப்பதற்கு உப்புத்தாளோ கம்பி பிரஷோ வேண்டாம். பித்தளைத் தகட்டில் குத்திய எழுத்து ஒரே தேய்ப்பில் மறைந்துவிடும். பழைய பல்துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் கோலமாவையோ டால்கம் பவுடரையோ தூவித் துணியால் மேலோட்டமாகத் துடைத்தால் குழிக்குள் மாவு நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். டார்ச்சை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அதன்பின் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுங்கள். படம் மங்கினாலும் அந்தத் தாள் நிற்கும்.

எழுதிக்கொள்ள வேண்டியது கம்பெனி பெயர், ஊர், என்ஜின் நம்பர், குதிரைசக்தி, நிமிடச் சுற்று. லிஸ்டர் 6/1 என்றால் ஒரு சிலிண்டர், 6 குதிரைசக்தி, 650 சுற்று. தகட்டில் டர்ஸ்லி என்று இருந்தால் அது இங்கிலாந்தில் வார்த்த அசல். ராஜ்கோட் என்று இருந்தால் அதே அச்சில் இங்கே செய்தது, பெரும்பாலும் பிற்காலம். ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி, லிங்கன் என்று இருந்தால் அந்தப் பெயரில் கம்பெனி உருவானது 1918-ல். அதற்கு முந்திய வருடம் எதுவும் அந்த என்ஜினுக்குப் பொருந்தாது. கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் தொடங்கியது 1946-ல். ஆகவே "தாத்தா 1940-ல் கிர்லோஸ்கர் டீசல் என்ஜின் ஓட்டினார்" என்று வீட்டில் சொன்னால் வருடமோ கம்பெனியோ ஒன்று பிசகியிருக்கிறது.

தகட்டு நம்பரையும் என்ஜின் உடலில் குத்திய நம்பரையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் தகடு வேறொரு என்ஜினிலிருந்து வந்தது. இன்னொன்று: என்ஜின் செய்த வருடமும் உங்கள் ஊருக்கு வந்த வருடமும் ஒன்றல்ல. ஒரு மில் ஓட்டிக் கழித்ததைக் கிணற்றுக்கு வாங்கிப் போடுவது சாதாரணமாக நடந்தது. தகடு கொடுப்பது "இதற்கு முன் இல்லை" என்ற எல்லையை மட்டும்.

முதலாளியின் காகிதங்கள்

என்ஜின் நின்ற கிணறும் அதன் சர்வே எண்ணும் தெரிந்ததும் வேலை சூடுபிடிக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டின் நகல் கேளுங்கள்; அதில் பழைய சர்வே எண், புது எண், பட்டாதாரர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தில் எழுதப்பட்ட பெயர்களில் பிழை மலிந்திருக்கிறது, முக்கியமாகத் தகப்பனார் பெயரில். அதற்கு முந்திய நிலையை அறிய ரயத்துவாரி ஊர் (விவசாயி நேராக அரசுக்கு வரி கட்டிய ஊர்) என்றால் ஆர்.எஸ்.ஆர். (ரீ-செட்டில்மென்ட்) பதிவேட்டையும், ஜமீன் அல்லது இனாம் ஊராக இருந்தது என்றால் எஸ்.எல்.ஆர். (செட்டில்மென்ட்) பதிவேட்டையும் கேட்க வேண்டும். எந்த வகை ஊர் என்று தெரியாமல் கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். அடங்கல், அதாவது 2-ம் எண் கிராமக் கணக்கு, எந்தப் புலத்துக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று காட்டும்.

இப்போது பத்திரப் பதிவு அலுவலகம். இணையத்தில் வில்லங்கம் பொதுவாக 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தியது சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட வேண்டும். மனுவும் தேடுதல் கட்டணமும் உண்டு. பதிவுச் சட்டம் 1908 வகுத்த புத்தகங்களில் இரண்டு நமக்கு முக்கியம். 1-ம் புத்தகம் அசையாச் சொத்து. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அசையும் சொத்தும் பல்வகை ஆவணங்களும் 4-ம் புத்தகத்தில். மில் கூட்டு ஒப்பந்தம், என்ஜின் மட்டும் தனியாக விற்ற பத்திரம் போன்றவை பதியப்பட்டிருந்தால் அங்கே. 4-ம் புத்தக நகல் அந்த ஆவணத்தை எழுதிக்கொடுத்தவர், அதன்படி உரிமை கோருபவர் ஆகியோருக்கே கிடைக்கும், ஆகவே முதலாளி குடும்பத்தாரின் ஒத்துழைப்பு வேண்டும்.

நகல் கையில் வந்தால் சொத்து விவரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். "கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதில் உள்ள ஆயில் என்ஜின், பம்பு, ஷெட், முறைத் தண்ணீர் பாத்தியமும்" என்ற வரியைத் தேடுங்கள். அதைவிட, கடைசிப் பக்கம் போங்கள். சாட்சிகளும் ஆளை அடையாளம் காட்டியவர்களும் அங்கே இருப்பார்கள். பதிவுச் சட்டப்படி ஒருவரைக் குறிப்பிடும்போது தகப்பனார் பெயர், குடியிருக்கும் ஊர், தொழில் ஆகியவற்றை எழுத வேண்டும். முதலாளி பதிவுக்குக் கிளம்பும்போது கூடவே கூட்டிக்கொண்டு போன நம்பிக்கையான ஆள் பெரும்பாலும் அவரிடம் வேலை பார்த்தவர்தான். "இன்னார் குமாரர், என்ஜின் டிரைவர்" என்று தேதியோடு ஒரு வரி கிடைத்தால், கொள்ளுத்தாத்தா பெயரும் தொழிலும் ஒரே இடத்தில் வந்துவிடும். நிலமே இல்லாத குடும்பத்துக்கு இந்தச் சாட்சிக் கையெழுத்துதான் பத்திரம்.

கடன் காகிதம் இரண்டு வகை. அரசு கொடுத்தது தக்காவிக் கடன்; 1883, 1884-ம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் கிணறு வெட்டவும் இறைவை வைக்கவும் கொடுத்தார்கள். கூட்டுறவு வழியாக வந்தது நில அடமான வங்கிக் கடன். சென்னையில் மத்திய நில அடமான வங்கி 1929-ல் தொடங்கியது. அதன் கீழிருந்த ஊர் வங்கிகள் பின்னால் நிலவள வங்கி என்று பெயர் மாறின. அந்தக் கடன் அடமானமாக 1-ம் புத்தகத்தில் பதிந்திருக்கும். எதற்காகக் கடன் என்ற வரியில் "ஆயில் என்ஜின் வாங்க" என்றே எழுதியிருப்பார்கள்.

மின்சாரம் வந்த கதையையும் சேர்த்துப் பாருங்கள். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1932-ல் வந்ததால் கோவைப் பக்கம் கிணறுகளுக்கு மோட்டார் சீக்கிரம் வந்தது. பல மாவட்டங்களில் அறுபதுகள் வரை என்ஜின்தான். கோவைக்காரர் 1940-களில் என்ஜின் டிரைவர் வேலையை விட்டு மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்குப் போனதும், ராமநாதபுரத்துக்காரர் 1965-லும் என்ஜினோடு இருந்ததும் இதனால்தான். கிணற்றுக்கு மின் இணைப்பு கொடுத்த தேதி, பல குடும்பங்களில், தாத்தா ஊரை விட்டுக் கிளம்பிய தேதிக்கு வெகு அருகில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. நிலக் காகிதத்தைக் கையில் எடுத்தாலே "பங்கு கேட்க வந்திருக்கான்" என்ற பேச்சு கிளம்பும். முதலாளி வீட்டிலும் பங்காளி வீட்டிலும் எதற்காகத் தேடுகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

ரைஸ்மில்லும் பாய்லரும்

நீராவி பாய்லர் வைத்த மில் என்றால் 1923-ம் ஆண்டு பாய்லர் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவெண் பாய்லர் உடலிலேயே வெட்டப்பட்டிருக்கும். மில் இடிந்துபோனாலும் பாய்லர் ஓடு கனமான இரும்பு என்பதால் சில இடங்களில் அப்படியே துருப்பிடித்துக் கிடக்கும். முகப்புப் பக்கம் தேடுங்கள். அந்த எண்ணை வைத்து மாநிலக் கொதிகலன் துறையில் பதிவேட்டு விவரம் கேட்கலாம். உரிமையாளர்கள் மாறிய வரிசையும், ஆய்வு நடந்த ஆண்டுகளும் அதில் தெரியும்.

பாய்லர் ஓட்டுவதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று உண்டு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் தடித்த காகிதத்தில் மடித்த ஒன்று இருந்தால் பிரித்துப் பாருங்கள். சான்றிதழ் இல்லையென்றால் அவர் பாய்லரில் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். உமி தள்ளியவர்கள், கிளீனர்கள் சான்றிதழ் இல்லாமல் அதன் கீழே வேலை செய்தவர்கள்.

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்விசையோ வேறு இயந்திர விசையோ வைத்துப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்த மில்லில் தொழிலாளர் பதிவேடு வைக்க வேண்டியிருந்தது. பல மில்களில் ஒன்பது பேர் என்று கணக்குக் காட்டினார்கள். ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லாததை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மில் கணக்குப்பிள்ளையின் கூலிப் பேரேடு அதைவிட நேர்மையானது: சனிக்கிழமை வாராவாரம் யாருக்கு எத்தனை ரூபாய், எத்தனை படி குருணை, தீபாவளி முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். அது மில்லில் இருக்காது. கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருக்கும்.

விபத்து நடந்த குடும்பமாக இருந்தால், கேட்பதற்கே மனம் வராது என்றாலும், காகிதம் அதிகம். பெல்ட்டில் துண்டு சிக்கியது, கிணற்றுக்குள் என்ஜின் புகை மூச்சை அடைத்தது, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனது எனப் பல. 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் மனு போட்டிருந்தால் அந்தக் கோப்பில் சம்பளம், வயது, மனைவி மக்கள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும்.

டிராக்டர், அரசு வேலை

டிராக்டர் ஓட்டியவர் என்றால் இரண்டு சாவி உண்டு. ஒன்று அவர் டிரைவிங் லைசென்ஸ்: படம், தகப்பனார் பெயர், அப்போதைய முகவரி. மற்றொன்று வண்டியின் ஆர்.சி. புத்தகம்: உரிமையாளர் வரிசை, எந்த வங்கியிடம் கடன். டி.என். வரிசை வந்தது 1989-ல்; அதற்கு முந்திய படங்களில் மூன்றெழுத்துப் பதிவெண் இருக்கும். பழைய போட்டோவில் மட்கார்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நம்பர் தெரிந்தால் உருப்பெருக்கிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முன்முகப்பில் மாஸி பெர்குசன் என்று இருந்து, சென்னையில் செய்ததாக இருந்தால் அதைச் செய்த டாஃபே கம்பெனி தொடங்கிய 1960-க்குப் பிற்பட்டது.

அரசு வேளாண் பொறியியல் பிரிவில் டிராக்டர், புல்டோசர் ஓட்டியவர் என்றால் அதிர்ஷ்டம். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் சொந்த ஊர், தகப்பனார் பெயர், உயரம், அங்க அடையாளம், விரல்ரேகை எல்லாம் உண்டு. ஓய்வூதியக் காகிதத்தோடு கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் வைத்திருப்பார்கள். பாட்டியின் ஒரே படம் அதுவாகவே இருக்கும் குடும்பங்கள் பல.

பள்ளி, பிறப்பு இறப்பு, வாக்காளர் பட்டியல்

வேலை தேடி ஊர் மாறிய குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விடச் சிறந்தது பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பெற்றோர் பெயர், தொழில், வசிக்கும் இடம், எந்தப் பள்ளியிலிருந்து வந்தார், எப்போது விலகினார் என்று வரிக்கு வரி இருக்கும். மூத்த பிள்ளை ஒரு ஊரில், இளையவர் இன்னொரு ஊரில் சேர்ந்திருந்தால் நடுவில் தகப்பன் மில் மாறியிருக்கிறார். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். ஜூன், மார்ச் மாதங்களில் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

பிறப்பு இறப்புப் பதிவு நம் பக்கம் 1899-ம் ஆண்டுச் சென்னைச் சட்டத்திலிருந்தே உண்டு. இப்போதுள்ளது 1969-ம் ஆண்டுச் சட்டம். கிராமப் பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இருக்காது, "ஆண்" அல்லது "பெண்" என்றும் தகப்பன் பெயரும்தான். ஆகவே பிள்ளையின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது. தகப்பன் பெயர், ஊர், மூன்று வருட இடைவெளி என்று மனுவில் எழுதுங்கள். 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிந்தபோது சில ஊர்க் கணக்குகள் பழைய கர்ணம் வீட்டிலேயே தங்கிவிட்டன. தாலுகா ஆபீசில் இல்லையென்றால் அந்த வீட்டிலும் விசாரியுங்கள்.

வாக்காளர் பட்டியலில் 2002, 2005 ஆகிய ஆண்டுகளுடையவற்றைத் தேர்தல் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டு எண் வரிசையில் அக்கம்பக்கத்துப் பெயர்களையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அடுத்த பேட்டி கொடுக்கப் போகிறவர்கள் அவர்களே.

மொய் நோட்டு

ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன் பீரோவைத் திறங்கள். கல்யாணம், காதுகுத்து மொய் நோட்டில் ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை என்று எழுதுவார்கள். ஒரே ஊரில் நாலு கருப்பையா இருந்தால் அடையாளத்துக்குத் தொழிலைச் சேர்ப்பார்கள்: "மில்லு கருப்பையா", "என்ஜின் கருப்பையா", "பட்டறை கருப்பையா". உடன் வேலை பார்த்தவர்கள் யார், முதலாளி எவ்வளவு செய்தார் என்பதுகூடத் தெரியும். சொந்த ஊர் எது என்றே தெரியாத குடும்பங்கள், மொய் நோட்டில் எந்த ஊர்ப் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், முதல் மூன்று ஊர்களுக்குள் விடை இருக்கும். பிறகு அந்த ஊர்க் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டைப் பாருங்கள். பிழைக்கப் போனவர்களும் வரி கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

தகவல் உரிமை மனு எழுதும் விதம்

"என் தாத்தா அங்கே வேலை செய்தாரா?" என்று கேட்டால் பதில் வராது, அதிகாரி ஆராய்ச்சி செய்து தரக் கடமைப்பட்டவர் அல்ல. இருக்கிற பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ்: ... தாலுகா ... கிராமத்தில் இயங்கிய நெல் அரவை ஆலையின் பாய்லர் பதிவெண் ... தொடர்பான பதிவேட்டுப் பக்கங்களின் சான்றிட்ட நகல் வழங்கவும். காலம்: 1945 முதல் 1970 வரை. பதிவேடு அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு ஆணையின் நகல் வழங்கவும்."

பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டுங்கள். முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவின் கடைசி வரி முக்கியம். "கோப்பு இல்லை" என்று சும்மா எழுத முடியாமல், ஒருமுறை அறைக்குள் போய்த் தேட வைக்கும்.

இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்

தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின் ஓட்டி, 1964-ம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களின் பிள்ளைகளுக்குத் தனி வழி உண்டு. தோட்டத்தில் செக்ரோல் என்ற பேர்ப் பதிவு இருந்தது. துரைமார் ஆபீசில் பிறப்புப் பதிவும் எழுதினார்கள். இலங்கையின் 1949-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்ட குடும்பங்கள் எத்தனை வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தோம் என்று நிரூபிக்கக் காகிதம் சேர்த்தார்கள். அதன் படி வீட்டில் இருந்தால் அதுவே எழுதி முடித்த குடும்ப வரலாறு. தோட்டத்தின் பெயர் இங்கிலீஷில் ஒன்று, நம் ஆட்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் இன்னொன்று. இரண்டையும் எழுதிக்கொண்டு தேடுங்கள்.

எழுதி வைப்பது

நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் அதை யார் சொன்னார், எந்தக் காகிதம், எந்தத் தேதியில் பார்த்தீர்கள். கேள்விப்பட்டதைப் பென்சிலிலும், காகிதத்தில் கண்டதை மையிலும் எழுதுங்கள். முரண்பட்டால் அழிக்காமல் இரண்டையும் விடுங்கள். போட்டோவின் முன்பக்கம் எழுதாமல், பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முகத்தில் தடம் விழும். லாமினேஷன் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. எண்ணெய்க் கறை பிடித்த சான்றிதழைத் துடைக்காமல் வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே வையுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டில் கொடுத்து வையுங்கள்.